ஸ்டிக்கர் ஒட்டிய தொட்டி உட்பட

லோர்னா கிம்பர் பெயரைச் சொன்னால் பிராக்கன்லியில் பாதிப் பேர் முதலில் ஒரு வசவை உதிர்த்துவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிப்பார்கள். நகரசபைக் குப்பை லாரியை இருபத்தாறு வருஷம் ஓட்டியவள். அதில் பத்தொன்பது வருஷம் அவள் லாரிக்குப் பின்னால் தொட்டி இழுத்தவன் நான், வின்ஸ். ஆகவே அவளைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். எனக்குத்தான் அந்த உரிமை கொஞ்சமும் கிடையாது. இருந்தாலும் சொல்கிறேன், வேறு யாருக்கும் முழுக் கதை தெரியாது.

ஊர் அவளைத் திட்டியதெல்லாம் சிவப்பு ஸ்டிக்கரால். எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்த, சக்கரம் வைத்த நீலத் தொட்டியில் மறுசுழற்சிக்குப் போகிற காகிதம், அட்டை, பாட்டில், டின் இவற்றைத்தான் போட வேண்டும். குழந்தையின் அழுக்கு டயப்பரை அடியில் செருகிவிட்டு மேலே நாலு செய்தித்தாளைப் பரப்பி வைக்கிற புண்ணியவான்கள் எல்லாத் தெருவிலும் உண்டு. மூடியைத் திறந்து பார்ப்பது என் வேலை. தப்பான பொருள் கண்ணில் பட்டால் ஸ்டிக்கரில் காரணத்துக்கு நேராக ஒரு டிக் போட்டு, மூடியில் ஒட்டிவிட்டு, தொட்டியைத் தொடாமல் அடுத்த வீட்டுக்குப் போய்விட வேண்டும். ஸ்டிக்கர் ஒட்டிய தொட்டி நின்ற இடத்திலேயே நிற்கும். மற்ற லாரிக்காரர்கள் முகம் பார்த்து விட்டுக்கொடுப்பார்கள். லோர்னாவிடம் அந்தப் பேச்சே கிடையாது. மேயர் வீட்டுத் தொட்டி ஒரு கிறிஸ்துமஸ் முழுக்கத் தெருவில் நின்று நாறியது.

அவள் கூடப் பிறந்த தங்கை வீட்டுத் தொட்டிக்கும் அதே கதிதான். அன்றைக்கு நான் வாய் விட்டேன்.

"உன் தங்கச்சிதானே, இந்த ஒரு தடவை விட்டுத்தொலையேன்."

"அவளை விட்டுட்டு அடுத்த வீட்டுக்காரிய எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுத் தடுப்பேன்? ஒட்டு."

ஒட்டினேன். தங்கை ஒரு வருஷம் அவளுடன் பேசவில்லை. லோர்னா அதற்காக வருத்தப்பட்டாள் என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் அந்த வருஷம் முழுக்க அந்தத் தெருவுக்குள் திரும்பும்போது ரேடியோப் பாட்டை நிறுத்திவிடுவாள். புருஷன் செத்து ஒன்பது வருஷம், பிள்ளைகள் இல்லை, ஒரு கிழட்டு நாய். பத்து மணிக்குப் பிளாஸ்க்கில் டீ, ஊறுகாய் வைத்த சீஸ் சாண்ட்விச். அவ்வளவுதான் அவள் வாழ்க்கை. வேலையில் மட்டும் எமகாதகி.

இன்கர்மன் தெருவின் கோடியில் மில்ஃபீல்ட் ஹோட்டல் இருந்தது. ஒரு காலத்தில் கல்யாண விருந்தெல்லாம் நடந்த இடம். ரெண்டு வருஷமாக அரசாங்கம் அதை வாடகைக்கு எடுத்து, நாடு விட்டு வந்து அடைக்கலம் கேட்டவர்களைத் தங்க வைத்திருந்தது. நூற்று நாற்பது பேர், முதல் மாடியில் குழந்தை குட்டியோடு குடும்பங்கள். ஊரில் அதைப் பற்றிப் பேசாத வாய் கிடையாது. என் வாயும் சும்மா இருந்ததில்லை. மருத்துவரைப் பார்க்க மூன்று வாரம் காத்திருக்கிறேன், இவர்களுக்கு மூன்று வேளைச் சோறு என்று நானும் பொருமியிருக்கிறேன்.

அந்த ஹோட்டலின் பின்முற்றத்தில் நாலு பெரிய இரும்புத் தொட்டிகள். அவற்றை அங்கே தங்கியிருந்த ஹப்டோம் என்கிற எரித்ரியாக்காரர் பார்த்துக்கொண்டார். யாரும் அவரை வேலைக்கு வைக்கவில்லை. அவர்களுக்குச் சம்பளத்துக்கு வேலை செய்ய அனுமதியும் இல்லை. சும்மா உட்கார்ந்தால் தலை கெட்டுவிடும் என்று தானாக வந்து குப்பையைப் பிரித்து வைப்பார். பாட்டிலைக் கழுவி, அட்டையை மடித்து, மூடியை அழுத்தி மூடியிருப்பார். எங்கள் வட்டத்திலேயே ஒரு தடவைகூட ஸ்டிக்கர் வாங்காத இடம் அதுதான். யாரையும் புகழாத லோர்னா ஒரு நாள் ஜன்னலை இறக்கி அவரிடம் சொன்னாள்.

"இந்த ஊர்லயே குப்பை போடத் தெரிஞ்ச ஒரே ஆளு நீங்கதான்."

"நன்றி மேடம். எங்க ஊர்ல நான் பஸ் டிப்போ மேஸ்திரி. எல்லாம் அதது இடத்துல இருக்கணும்."

எங்களோடு தொட்டி இழுக்கிற ஷேனுக்கு அது பிடிக்கவில்லை. நாற்பது வயது, நல்ல உழைப்பாளி, நாக்கு மட்டும் நாலு முழம். "பாத்தியா வின்ஸு," என்றான் என் காதில், "பதினாறு வருஷம் முதுகொடிய இழுக்கிறேன், ஒரு நாள் என்னைச் சொன்னாளா?"

அந்த ஆகஸ்டில் பன்னிரண்டு மைல் தள்ளி வெஸ்டர்பியில் கலவரம் வந்தது. எவனோ ஒரு பெண்ணைக் குத்திவிட்டான், அங்கே ஹோட்டலில் அடைக்கலம் கேட்டுத் தங்கியிருந்தவன்தான் செய்தான் என்று போனில் புரளி பரவியது. அது பொய் என்று தெரிவதற்குள் ஐநூறு பேர் அங்கே ஹோட்டலைச் சுற்றிவிட்டார்கள். வெறுங்கையோடு வந்தவர்கள்தான். தெருவில் நின்ற தொட்டிகளைக் கொளுத்தி, உருட்டிக்கொண்டு போய் வாசலில் முட்டுக் கொடுத்துவிட்டார்கள். ரெண்டு மாடிக்குப் புகை. எங்கள் லாரி டிப்போவில் டீ குடித்தபடி டிவியில் அதைப் பார்த்தோம். ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள், போலீஸ் சரியில்லை, அரசாங்கம் சரியில்லை என்று. லோர்னா ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அந்தத் தொட்டிங்கள யாரு வெளிய விட்டது?"

நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

அடுத்த வாரமே எங்கள் ஊரிலும் ஹோட்டலுக்கு எதிராகக் கூடச் சொல்லி அழைப்பு வந்துவிட்டது. சனிக்கிழமை ஒரு மணிக்கு, போர் நினைவுத்தூண் அருகே. அந்த வாரம் திங்கட்கிழமை பொது விடுமுறை. விடுமுறை வந்தால் எங்களுக்கு எல்லாத் தெருவின் முறையும் ஒரு நாள் தள்ளிப்போகும். வெள்ளிக்கிழமை எடுக்க வேண்டிய ஆல்மா தெருவும் இன்கர்மன் தெருவும் சனிக்கிழமைக்கு வந்து விழுந்தன. ரெண்டும் ஹோட்டலை ஒட்டிய தெருக்கள். அதாவது கூட்டம் வருகிற அன்றைக்கு, வருகிற வழியெல்லாம், வீட்டுக்கு ஒரு தொட்டி அட்டையும் காகிதமும் நிரம்பி வாசலில் நிற்கும். இதை ஊரில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. புதன்கிழமை லோர்னா மேனேஜர் டங்கனின் அறைக்குப் போனாள். கதவைச் சாத்தவில்லை, எங்களுக்கெல்லாம் கேட்டது.

"போலீஸோட கூட்டம் போட்டீங்களே, தொட்டியப் பத்திப் பேசினீங்களா?"

"எல்லாம் பேசியாச்சு லோர்னா. தடுப்பு, கேமரா, பஸ் வழி எல்லாம்."

"தொட்டி?"

"அது பேச்சுல வரல."

"அப்ப இப்ப வரட்டும். அந்த ரெண்டு தெருவ நாளைக்கே எடுத்துடறேன்."

"அட்டவணைய அச்சடிச்சு வீடு வீடாக் குடுத்தாச்சு. நாளைக்கு யாரும் வெளிய வைக்கவே மாட்டாங்க. உன் வேலை லாரி ஓட்டுறது. அத மட்டும் பாரு."

டங்கன் கெட்டவன் இல்லை. காகிதத்தில் இருப்பதை விட்டு ஒரு அடி நகராதவன், அவ்வளவுதான். அந்த விஷயத்தில் லோர்னாவும் அவனும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள் என்று அன்று நினைத்தேன்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆல்மா தெருவுக்குள் திரும்பினோம். ரெண்டு தெருவிலும் சேர்த்து நூற்று எண்பத்து நாலு தொட்டிகள் வரிசையாக நின்றன. முதல் ஆறு தொட்டியை லாரியில் கவிழ்த்திருப்போம், டிப்போவிலிருந்து ரேடியோவில் டங்கன் வந்தான். ஊழியர் பாதுகாப்பு கருதி எல்லா லாரிகளும் உடனே டிப்போவுக்குத் திரும்ப வேண்டும், மிச்சத்தைத் திங்கட்கிழமை எடுத்துக்கொள்ளலாம் என்றான். எங்களைப் பத்திரமாக வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தெரு முழுக்க நிறைந்த தொட்டிகளைக் கலவரக்காரனுக்கு விட்டு வைக்கிற உத்தரவு அது. இதைப் போட்டவனுக்கு அன்றைக்கு ராத்திரி நிம்மதியாகத் தூக்கம் வந்திருக்குமா என்று கேட்டால், வந்திருக்கும், ஏனென்றால் விதிப்படி அது சரி.

லோர்னா இன்ஜினை நிறுத்தினாள். இறங்கி வந்து எங்கள் முன்னால் நின்றாள்.

"ஒரு மணிக்குள்ள இந்த ரெண்டு தெருவுலயும் ஒரு தொட்டி நிக்கக் கூடாது. காலி பண்ணி, பின்சந்துக்குள்ள தள்ளி, இரும்புக் கேட்டப் பூட்டணும். சாவி நம்மகிட்ட இருக்கு."

எங்கள் பழைய தெருக்களில் வீடுகளுக்குப் பின்னால் சந்து உண்டு. திருட்டுக்குப் பயந்து ரெண்டு முனையிலும் ஆள் உயர இரும்புக் கேட் போட்டிருக்கிறார்கள். எங்களிடம் ஒரு சாவிக்கொத்து எப்போதும் இருக்கும்.

"திரும்பி வரச் சொல்லிட்டாங்களே," என்றான் ஷேன். "அந்தாளுங்களக் காப்பாத்துறது போலீஸ் பாடு. நமக்கென்ன?"

"போலீஸ் மனுசனத் தடுக்கும். தொட்டிய யாரு தடுப்பா? அது நம்ம பாடு."

"லோர்னா, இப்பவே சொல்லிட்டேன். ஒரு மணிக்கு நான் நினைவுத்தூண்கிட்ட நிப்பேன். என் அண்ணன் வர்றான். நானும் இந்த ஊர்க்காரன், எனக்கும் சொல்றதுக்கு இருக்கு."

"போ. போயி நில்லு. தொண்டை கிழியக் கத்து. உன்ன எவனும் தடுக்கக் கூடாது, தடுத்தா நானே வந்து கேப்பேன். ஆனா என் தெருத் தொட்டிய எடுத்து எவனும் ஒரு குழந்த மேல கொளுத்தக் கூடாது. கத்துறது வேற, கொளுத்துறது வேற. இதுல உனக்குச் சந்தேகம் இருக்கா?"

ஷேன் காலால் தரையைத் தேய்த்தான். "இல்ல," என்றான்.

"வின்ஸு?"

"உத்தரவ மீறினா வேலை போயிடுமே."

"போனா என் வேலை. வண்டி என் பொறுப்பு. நீங்க ரெண்டு பேரும் நான் சொன்னதச் செஞ்சீங்க, அவ்வளவுதான். கேட்டா அப்படியே சொல்லுங்க."

ரேடியோவை அணைத்துவிட்டாள்.

வழக்கமாக நூற்று எண்பத்து நாலு தொட்டி எங்களுக்கு ரெண்டு மணி நேர வேலை. கவிழ்த்ததோடு சரி, வாசலில் விட்டுவிட்டுப் போய்விடுவோம். ஒவ்வொன்றையும் சந்துக்குத் தள்ள வேண்டும் என்றால் கணக்கே வேறு. பத்தேகால் ஆகியும் ஆல்மா தெருவில் பாதிகூடத் தாண்டவில்லை. எனக்கு மூச்சு வாங்கியது. லோர்னா கதவு கதவாகத் தட்ட ஆரம்பித்தாள். பதினேழாம் எண் வீட்டுக்காரி இரவு உடுப்பு மேல் கோட்டோடு வந்து நின்றாள்.

"ரெண்டு வாரம் முன்னாடி ஒரு தயிர் டப்பாவுக்காக என் தொட்டியில ஒட்டிட்டுப் போனியே, இப்ப என்னத்துக்கு வந்து நிக்கிற?"

"கழுவாம போட்டீங்க, அதனால ஒட்டினேன். இப்ப உங்க தொட்டிய நீங்களே சந்துக்குள்ள தள்ளினா எனக்கு ஒரு நிமிஷம் மிச்சம். வெஸ்டர்பியில என்னத்தக் கொளுத்தினாங்கன்னு பாத்தீங்களா?"

அவள் தெருவைப் பார்த்தாள். வரிசையாக நின்ற நீலத் தொட்டிகளை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறவள் போல நின்றாள்.

"அந்த ஹோட்டல் எனக்குப் பிடிக்கல. அதையும் சொல்லிடறேன்."

"பிடிக்க வேணாம். தள்ளுங்க."

"கிரெக்," என்று வீட்டுக்குள் குரல் கொடுத்தாள், "கால்சட்டையப் போட்டுக்கிட்டு வெளிய வா."

கிரெக் வந்தான். பக்கத்து வீட்டுக்காரன் வந்தான். அவளைப் பார்த்தால் கதவைச் சாத்துகிற தெரு அது. அன்றைக்கு ஏழெட்டுப் பேர் திட்டிக்கொண்டே தள்ளினார்கள். பதினொன்றே காலுக்கு ஆல்மா தெரு துடைத்து விட்டாற்போல் இருந்தது. லோர்னா பின்சந்தைப் பூட்டி, கேட்டை ஒரு தடவை உலுக்கிப் பார்த்தாள்.

இன்கர்மன் தெருவில் எண்பத்தெட்டு. தெருமுனையில் ஒரு போலீஸ் சார்ஜென்ட் வழி மறித்தார்.

"பன்னெண்டரைக்குத் தெருவ மூடுறோம் மேடம். அப்புறம் உங்க லாரி உள்ள மாட்டிக்கும்."

"ஹோட்டல் பின்பக்கம் உங்க ஆளுங்க எத்தனை பேரு?"

"போதுமான அளவு."

"எண்ணிக்கை கேட்டேன்."

அவர் ஒரு பக்கம் பார்த்தார். "பன்னெண்டு. மத்தவங்க எல்லாம் நினைவுத்தூண்கிட்ட." குரலைத் தாழ்த்தினார். "நீங்க எடுக்கிற ஒவ்வொரு தொட்டியும் எனக்கு ஒரு கான்ஸ்டபிள். உங்க ஆபீஸ்லேருந்து உங்களத் திருப்பி அனுப்பச் சொல்லிப் போன் வந்துச்சு. நான் உங்களப் பாக்கல. சீக்கிரம்."

ஓடினோம். ஓட்டம் என்றால் உண்மையிலேயே ஓட்டம். தூரத்தில் டவுன் பக்கமிருந்து ஒரு இரைச்சல் கேட்க ஆரம்பித்திருந்தது. ஒரு மணிக்கு என்று சொன்னவர்கள் பதினொன்றரைக்கே சாராயக்கடை வாசலில் கூடிவிட்டார்கள். கொடிகளோடு நாலு பேர் எங்களைத் தாண்டிப் போனார்கள். அதில் ஒருவன் லோர்னாவைப் பார்த்து, "கறுப்பனுக்குக் குப்பை அள்ளுற கிழவி," என்றான். "உங்க வீட்டுதையும் நான்தான்டா அள்ளுறேன், அதான் சொல்றேன் உங்க வீட்டு நாத்தம் எனக்குத் தெரியும்," என்றாள் அவள், கையை நிறுத்தாமல்.

இப்போது நான் சொல்லப்போவதை ரொம்ப நாள் யாரிடமும் சொல்லவில்லை. மணி பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம். தெருவின் கீழ்முனையில் முப்பத்தொன்றாம் எண் வீடு. வாசலில் ஒரு குழாய்க்காரனின் வெள்ளை வேன், அதன் மறைவில் தொட்டி. மூடியைத் திறந்தேன். அட்டைக்கு மேலே மூன்று பெயிண்ட் டப்பா, பாதி பாட்டில் தின்னர். என் கை ஸ்டிக்கர் கட்டை எடுத்தது. 'தப்பான பொருள்' என்பதற்கு நேராக டிக் போட்டது. மூடியில் ஒட்டியது. என் கால் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது. பத்தொன்பது வருஷம் செய்த வேலை. யோசித்துச் செய்யவில்லை, யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டேன். ஸ்டிக்கர் ஒட்டினால் தொட்டி அங்கேயே நிற்கும். அது நின்றது.

பன்னிரண்டு இருபதுக்குச் சந்து கேட்டைப் பூட்டினோம். ஷேன் மஞ்சள் சட்டையைக் கழற்றி லாரிக்குள் எறிந்தான்.

"என் கடமை முடிஞ்சுது. நான் போறேன்."

"தண்ணியடிக்காத," என்றாள் லோர்னா. அவன் கையை ஆட்டிவிட்டுப் போனான்.

நாங்கள் இருவரும் ஹோட்டல் பின்முற்றத்துக்குள் லாரியை விட்டோம். ஹப்டோம் எங்களுக்காகக் காத்திருந்தார். நாலு இரும்புத் தொட்டியையும் காலி செய்து சுவரோரம் கட்டினோம். முதல் மாடி ஜன்னலில் ஒரு சின்னப் பெண் மூக்கை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா வந்து இழுத்துக்கொண்டு போனாள். அப்போதுதான் எனக்கு முப்பத்தொன்றாம் எண் ஞாபகம் வந்தது. 

"எல்லாம் ஆச்சா?" என்றாள் லோர்னா.

தெருமுனையை அப்போதுதான் தடுப்புப் போட்டு மூடிக்கொண்டிருந்தார்கள். முற்றத்து வாசலிலிருந்து அந்தத் தொட்டி ஐம்பது அடி தூரம். ஓடிப் போய் இழுத்து வந்திருக்கலாம். ஒரு தொட்டிதானே, வேன் மறைவில் இருக்கிறது, யார் கண்ணில் படப்போகிறது என்று நினைத்தேன். அதைவிட, அன்றைக்கு அவளிடம் போய் ஒன்றை விட்டுவிட்டேன் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

"எல்லாம் ஆச்சு," என்றேன்.

ஒன்றே காலுக்கு நினைவுத்தூண் பக்கம் கூட்டம் உடைந்தது. பெரும்பாலானவர்கள் அங்கேயே நின்று கத்தினார்கள். இருநூறு பேர் மட்டும் ஆல்மா தெரு வழியாக இன்கர்மன் தெருவுக்கு இறங்கி வந்தார்கள், முகத்தை மூடிக்கொண்டு. தெருவை மூடிவிட்டதால் முற்றத்திலேயே மாட்டிக்கொண்ட நாங்கள் லாரிக்குள் இருந்து பார்த்தோம். அவர்கள் எதையாவது தேடினார்கள். தெருவில் ஒன்றும் இல்லை. சந்து கேட்டை உதைத்துப் பார்த்தார்கள், அசையவில்லை. ஒருவன் தோட்டச் சுவரிலிருந்து ஒரு கல்லைப் பிடுங்க முயன்று கையைக் கிழித்துக்கொண்டான். பன்னிரண்டு போலீஸ்காரர்களும் முற்றத்து வாசலில் கேடயத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வெறுங்கையோடு கத்திக் கத்தி அந்தக் கூட்டத்துக்குச் சலிப்புத் தட்ட ஆரம்பித்தது. ரெண்டு மூன்று பேர் திரும்பிப் போகக்கூடத் தொடங்கினார்கள்.

"தாங்கிடுச்சு," என்றாள் லோர்னா. இத்தனை வருஷத்தில் அவள் என் தோளைத் தொட்டது அந்த ஒரு தடவைதான்.

அப்போது வேனுக்குப் பின்னாலிருந்து அந்த நீலத் தொட்டியை உருட்டிக்கொண்டு வந்தார்கள். மூடியில் சிவப்பு ஸ்டிக்கர் எனக்கு லாரியிலிருந்தே தெரிந்தது. ஒருவன் தீக்குச்சியைப் போட்டான். தின்னர் குபீரென்று பிடித்தது. நாலு பேர் அதைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார்கள். எரிகிற தொட்டிக்குப் போலீஸ் வரிசை விலகிவிட்டது, மனுசன்தானே, விலகத்தான் செய்வான். தொட்டி வந்து பின்பக்க அவசரக் கதவில் முட்டி நின்றது. அந்தக் கதவுக்கு மேலேதான் குழந்தைகள் இருந்த மாடி.

லோர்னா லாரியில் இருந்த தீயணைப்பானைப் பிடுங்கிக்கொண்டு குதித்தாள். அவளுக்கு முன்னால் ஹப்டோம் போய்விட்டார். வெறுங்கையால் தொட்டியின் கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். பிளாஸ்டிக் உருகிக் கையில் ஒட்டியது. விடவில்லை. கதவிலிருந்து இழுத்து, முற்றத்து நடுவே கொண்டு வந்து கவிழ்த்துவிட்டுத்தான் விழுந்தார். லோர்னா நுரையை அடித்துக்கொண்டே, "கைய நீட்டுங்க, கைய நீட்டுங்க," என்று கத்தினாள். நான் லாரிப் படியில் நின்றேன். இறங்கவில்லை. காலுக்கு என்ன வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஹோட்டலுக்குள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஹப்டோமின் ரெண்டு கையிலும் தோல் போய்விட்டது. கூட்டத்தைக் கலைத்த பிறகு லோர்னா கருகிய மூடியைக் குனிந்து பார்ப்பதையும், அதிலிருந்து எதையோ உரித்துச் சட்டைப்பைக்குள் போடுவதையும் கண்டேன். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் ஷேன் போன் செய்தான். அவன் குரலே சரியில்லை.

"வின்ஸு, நான் இதுக்காகப் போகலடா. சத்தியமா இதுக்காகப் போகல. நாமதான் எல்லாத்தையும் பூட்டினோமே, அந்தத் தொட்டி எங்கேருந்து வந்துச்சு?"

"தெரியல," என்றேன்.

மூன்று வாரம் கழித்து விசாரணை. டங்கன், மேலதிகாரி ஒருத்தி, குறிப்பெடுக்க ஒருவர். உத்தரவை மீறியதற்கு ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டுவிடத் தயாராகத்தான் இருந்தார்கள். போலீஸிலிருந்து அவளைப் பாராட்டி நாலு வரி எழுதியிருந்தார்கள். மாட்டியது அந்த ஒரு தொட்டியில்தான். உள்ளே தின்னர் இருக்கிறது என்று பார்த்த பிறகும், அதைத் தெருவில் விட்டுவிட்டுப் போனது யார் என்று கேட்டார்கள். வீட்டுக்காரரிடம் விசாரித்து, ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது என்று தெரிந்துகொண்டிருந்தார்கள். என்னைச் சாட்சிக்கு உட்கார வைத்திருந்தார்கள்.

"நான்தான் ஒட்டினேன்," என்றாள் லோர்னா. "பழக்க தோஷம். உங்க விதியில இத எழுதிக்கோங்க. இந்த மாதிரி நாள்ல ஸ்டிக்கர் ஒட்டின தொட்டியையும் சேத்து எடுக்கணும்னு எழுதுங்க."

அந்த மேலதிகாரி என் பக்கம் திரும்பினாள். "அப்படித்தானா?"

நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்று. பயம். வேறு பெயர் அதற்குக் கிடையாது. வீட்டுக் கடன், பெண்டாட்டி முதுகு வலி என்று என்னென்னவோ காரணம் பின்னால் சேர்த்துக்கொண்டேன். அந்த நிமிஷம் இருந்தது பயம் மட்டும்தான்.

அவளை வேலையிலிருந்து நீக்கினார்கள். டிப்போவில் வழியனுப்பு விழா இல்லை, கேக் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். ஹப்டோமைப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் டீக்குத் தண்ணீர் வைத்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அலமாரியிலிருந்து அதை எடுத்து மேஜைமேல் வைத்தாள். ஓரம் கருகிய ஸ்டிக்கர். கோணலான என் டிக்.

"உன் டிக்க எனக்குத் தெரியாதா? பத்தொன்பது வருஷமாப் பாக்கிறேன்."

"நாளைக்கே போயிச் சொல்லிடறேன் லோர்னா."

"சொல்லி? உன் வேலையும் போகும், என் வேலை திரும்பி வராது. உத்தரவ மீறினது நான்தானே." டீயை ஊற்றினாள். "அதுல பெயிண்ட் டப்பா இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அப்ப ஸ்டிக்கர் சரிதான்." டீக் கப்பை என் பக்கம் நகர்த்தினாள். அப்புறம் என்னை நேராகப் பார்த்தாள். "எல்லாம் ஆச்சான்னு கேட்டேனே வின்ஸு. அப்ப சொல்லியிருந்தா ஐம்பது அடிதான். ஒட்டினதுக்கு நான் உன்னக் கோவிக்கல. அப்ப சொல்லாம விட்டதுக்குத்தான்."

டீயைக் குடிக்காமல் எழுந்து வந்தேன். அழுதேன் என்று சொல்ல வெட்கமில்லை, வழியெல்லாம் அழுதேன்.

கொளுத்தியவர்களுக்குச் சிறை கிடைத்தது. ஹோட்டலில் இருந்தவர்களை வேறு ஊர்களுக்கு மாற்றினார்கள். ஹப்டோம் இப்போது தெற்கே எங்கோ இருக்கிறார், விரல்கள் முழுதாக மடங்குவதில்லையாம். அடுத்த வசந்தத்தில் நகரசபை ஒரு புது விதியை அச்சடித்தது. பதற்றம் எதிர்பார்க்கப்படும் நாளில், கூட்டம் கூடுவதற்கு மூன்று மணி நேரம் முன்பே சுற்றுவட்டாரத் தொட்டிகள் அனைத்தையும் அகற்ற வேண்டும், ஸ்டிக்கர் ஒட்டிய தொட்டி உட்பட. மற்ற ஊர்களிலிருந்தெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள், நல்ல ஏற்பாடு என்றார்கள். அதில் லோர்னாவின் பெயர் எங்கும் இல்லை. அவளை நீக்கி அனுப்பிய கடிதத்தையும் யாரும் திரும்ப வாங்கவில்லை.

அவள் லாரியை இப்போது நான் ஓட்டுகிறேன். அப்படிப்பட்ட நாள் வந்தால் புறப்படும் முன் அந்த விதியை ஆட்களுக்கு உரக்கப் படிக்க வேண்டியது ஓட்டுநர் கடமை. முதல் தடவை படித்தபோது புதிதாய்ச் சேர்ந்த ஒருவன் கேட்டான், "ஸ்டிக்கர் ஒட்டினது உட்படன்னு தனியா எழுதியிருக்கே, எந்தக் கூமுட்டை அத விட்டுட்டுப் போச்சு?"  "லோர்னா," என்றான் வேறொருவன், எல்லோரும் தெரிந்ததுபோல் தலையாட்டினார்கள். நான் காகிதத்தை மடித்தேன்.

போன சனிக்கிழமை மறுபடி ஒரு கூட்டத்துக்கு அழைப்பு. மறுபடி படித்தேன். இன்னொரு புது ஆள் அதே கேள்வியைக் கேட்டான். இந்தத் தடவை சொன்னேன்.

"நான். முப்பத்தொன்றாம் எண். நான்தான் ஒட்டினேன், நான்தான் விட்டுட்டு வந்தேன். லோர்னா இல்ல."

 ஷேன் வந்து என் முதுகைத் தட்டினான்.

"விடு வின்ஸு. நீ அவளுக்காகப் பேசுறது எங்களுக்குத் தெரியாதா? அவளே ஒத்துக்கிட்டா. நீயும்தானே அன்னிக்கு ஆமான்னு சொன்ன?"

மற்றவர்கள் என்னை மரியாதையோடு பார்த்தார்கள். மணி ஆகிக்கொண்டிருந்தது. ஏறி வண்டியைக் கிளப்பினேன்.